கேட் போட்டாச்சா

எங்கள் ஊர் ரயில்வே கேட் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று போனிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள நான் ஒரு ஆப் செய்திருக்கிறேன். பெயர் 'கேட் போட்டாச்சா'. மூடியிருந்தால் திரை சிவப்பு, திறந்திருந்தால் பச்சை. அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் சரிங்க என்பேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் சரிங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சம்பளம் கொடுக்கிற வேலை வேறு. சென்னையில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வயலுக்கு நடுவே இருக்கிற எங்கள் தெருவிலிருந்து வேலை பார்க்கிறேன். கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே பாருங்கள் என்றார்கள், பிறகு திரும்பக் கூப்பிட மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். திரையில் இருக்கிற பட்டனை ஒரு நீலத்திலிருந்து இன்னொரு நீலத்துக்கு மாற்றுவேன். அடுத்த வாரம் பழைய நீலமே பரவாயில்லை என்பார்கள். அதையும் செய்வேன்.

என் அம்மா காத்தாயி போன மார்கழியில் இறந்துபோனாள். வயலிலிருந்து வந்தவள் நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்து அவளை ஏற்றிக்கொண்டது. கேட் போட்டிருந்தது. ஒரு நிலக்கரி ரயில் போனது, கேட் திறக்கவில்லை. எதிரே இன்னொரு வண்டி வர வேண்டும் என்றார்கள். அப்பா கேட்கீப்பரிடம் ஓடினார். சிக்னல் கொடுத்தாகிவிட்டது, இனி என் கையில் இல்லை என்றார் அவர். அவர் சொன்னது பொய்யில்லை. கேட் திறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நான் அழவில்லை. காரியத்தன்றுகூட அழவில்லை. அத்தைகள், விக்கல் எடுத்த பிள்ளைக்குத் தட்டுகிற மாதிரி என் முதுகைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் வெளியே வரவில்லை. அழுத்தக்காரி என்று ஒரு அத்தை சொன்னது காதில் விழுந்தது. அப்பாவும் அழவில்லை, ஆனால் அவரை யாரும் அப்படிச் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் அந்தக் கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ரயில் சத்தம் கேட்டால் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

வேலை முடிந்த பிறகு செய்வதற்கு எனக்கு ஏதாவது வேண்டியிருந்தது. வீட்டில் சும்மா கிடந்த போன் அம்மாவுடையது ஒன்றுதான். அதைக் கொண்டுபோய், கேட்டை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிற மூஸா பாயின் கடைத் தூணில் கட்டினேன். அது கேட்டைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். கம்பு நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா என்று என் புரோகிராம் பார்த்துச் சொல்லும். ஆரம்பத்தில், பாய் குறுக்கே காயப்போட்ட லுங்கியைக் கேட் என்று நினைத்துக்கொண்டு நாள் முழுவதும் சிவப்பு காட்டியது.

"கேட்டு போட்டாத்தாம்மா எனக்கு யாவாரமே. நீ என்னடான்னா ஜனங்களச் சுத்தி அனுப்பப் பாக்குறே" என்றார் பாய். பிறகு அவரே ஸ்டூல் போட்டு ஏறி ஒயர் இழுத்துக் கொடுத்தார். கரண்டுக்கு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. லுங்கியையும் கடைக்குப் பின்னால் காயப்போட ஆரம்பித்தார்.

ஆப்பை முதலில் போனில் ஏற்றிக்கொண்டவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற வைரக்கண்ணு அண்ணன். அம்மாவை ஏற்றிக்கொண்டு கேட்டில் நின்றவர் அவர்தான். கிளம்பும்போதே சிவப்பு என்று தெரிந்தால் ஆத்தங்கரை ரோட்டில் திரும்பிவிடலாம், அது சுற்று, ஆனால் அந்த வழியில் கேட் கிடையாது. அப்புறம் பஸ் டிரைவர்கள், பள்ளிக்கூட ஆட்டோக்காரர்கள், நெல் லாரிக்காரர்கள் என்று எல்லோரும் ஏற்றிக்கொண்டார்கள். இரவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரி செய்துகொண்டிருந்தேன். சந்தோஷமா என்று கேட்டால் இல்லை. கை வேலை செய்யும்போது மற்றது எதுவும் தெரியாமல் இருந்தது. அது போதுமாக இருந்தது.

இந்த நிலையில்தான் கேட்டுக்கு மேலே பாலம் வரப்போகிறது என்றார்கள். தேர்தலுக்குத் தேர்தல் வருவதாகச் சொல்கிற பாலம்தான், இந்த முறை நிஜமாகவே சர்வேயர் வந்தார். முதல் வரைபடத்தில் பாலம் நேராகப் போய்த் துரைராசுவின் ரைஸ்மில் களத்தில் இறங்கியது. துரைராசு ஆளுங்கட்சிக்காரர். ஆட்சி மாறினாலும் அவர் ஆளுங்கட்சிதான், வாசல் கம்பத்தில் கொடி மட்டும் மாறும். அடுத்த வரைபடத்தில் பாலம் களத்துக்கு முன்னால் வந்து, பெரிய மனிதரைக் கண்டு ஒதுங்குகிற ஆள் மாதிரி வளைந்து, எங்கள் தெருக்காரர்களின் வயலில் இறங்கியது. அளவுக்கல் ஒன்றை எங்கள் நிலத்தின் நடுவில், குறுவைக்கு விட்டிருந்த நாற்றங்காலிலேயே நட்டுவிட்டுப் போனார்கள்.

எங்கள் நிலம் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் எல்லோரும் பண்ணையில் கூலிக்குப் போனவர்கள். உச்சவரம்புக்கு மேலே இருக்கிற நிலத்தைப் பிரித்துக் கொடு என்று சங்கத்துக்காரர்கள் தாலுக்கா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தபோது, கல்யாணமாகி வந்த புதிதில் அம்மாவும் போய் உட்கார்ந்தாள். போலீஸ் வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். "என் கல்யாணத்துக்குக்கூட மண்டபம் கெடையாது. அதுக்குத்தான் கெடச்சுது" என்று சொல்லிச் சிரிப்பாள். பட்டா அவள் பெயரில் வந்தது. இன்னும் அவள் பெயரில்தான் இருக்கிறது.

நிலம் எடுப்பது பற்றிய விசாரணைக்கு முந்தின நாள் இராஜாங்கம் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருப்பவர், அம்மாவோடு அந்த மண்டபத்தில் அடைபட்டவர். அப்பா கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"வளைச்சது தப்புன்னு சொன்னா மனுவ வாங்கி வச்சுக்கிட்டு பாலத்தக் கட்டி ரிப்பனும் வெட்டிருவானுங்க. அதனால பாலமே வேண்டாங்கணும். கேட்டால எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லன்னு தெருவே ஒரே மாதிரி சொல்லணும்" என்றார் சித்தப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, அந்த ஆப்ப நிறுத்திடு. உங்க ஊர்ப் பொண்ணே கேட்டால கஷ்டம்னுதான இதச் செஞ்சிருக்குன்னு அதத்தான் எடுத்துக் காட்டுவானுங்க."

"சரிங்க சித்தப்பா" என்றேன்.

அப்பாவின் ஊசி சற்று நின்றது. பிறகு மறுபடி தைக்க ஆரம்பித்தார்.

நான் நிறுத்தவில்லை. எதிர்ப்பெல்லாம் இல்லை, செய்யத் தோன்றவில்லை. எண்ணெய் வாங்கி வா என்றாலும் அப்போது இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன்.

விசாரணை ஒன்றிய அலுவலகத்து ஹாலில் நடந்தது. நிலம் எடுக்கிற பிரிவின் அதிகாரி ஒரு பெண். கடுமையானவர் இல்லை, வந்த எல்லோருக்கும் நாற்காலி போடச் சொன்னார். சித்தப்பா பயந்தபடியே அதிகாரியின் போனில் என் ஆப் இருந்தது. ஆனால் பச்சை காட்டியது. "பாத்துக்குங்க மேடம், கேட்டு தொறந்துதான் கெடக்கு" என்றார் சித்தப்பா. கொஞ்ச நேரம் கழித்து நானும் என் போனைப் பார்த்தேன். அப்போதும் பச்சை. வழக்கமாக அந்த நேரத்தில் ஒரு சரக்கு ரயில் போகும். இன்றைக்கு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துப் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

தெருக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கஷ்டம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்கள். இளையபெருமாள், பட்டாதாரர் காத்தாயியின் கணவர்.

"அந்த ரயில்வே கேட்டால உங்களுக்கோ உங்க குடும்பத்துக்கோ ஏதாவது பாதிப்பு உண்டாங்க?" என்று அதிகாரி கேட்டார்.

அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "இல்லீங்க."

"அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போறப்ப?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சித்தப்பாவையும் பார்க்கவில்லை. "ஒரு கஷ்டமும் இல்லீங்க" என்றார்.

பக்கத்தில் இருந்தவர் அதை டைப் அடித்துப் படித்துக் காட்டினார். ரயில்வே கேட்டினால் எனக்கோ என் குடும்பத்தாருக்கோ இதுநாள்வரை எந்தப் பாதிப்பும் ஏற்பட்டதில்லை. அப்பா எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நாற்காலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், வரவில்லை. வெளியே வந்ததும் சித்தப்பா அப்பாவின் தோளை அழுத்தினார். "மனசுல வச்சுக்காதண்ணே. காத்தாயி அண்ணியா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பாங்க" என்றார்.

டிவிஎஸ் ஃபிப்டியில் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு வந்தேன். கேட் போட்டிருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அப்பா வயல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் ஒரு நெல் லாரி வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு பஸ். அந்த நெருக்கடிக்குள் சத்தம் போட்டுக்கொண்டே, டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தது. பஸ்ஸை ஒதுங்கவைத்து உள்ளே நுழைந்தது, லாரிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. அதற்குள் பின்னால் வேறு வண்டிகள் அடைத்துக்கொண்டன.

வைரக்கண்ணு அண்ணன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டார். போனைத் தூக்கிக் காட்டினார். "பச்சன்னு காட்டுதேம்மா! பாத்துட்டுத்தானே இந்தப் பக்கம் வந்தேன்! இப்பவும் பச்சன்னுதான் காட்டுது!"

மூஸா பாய் கடையைப் பார்த்தேன். தூணில் அம்மாவின் போன் இருந்தது. ஒயர் பிளக்கிலிருந்து விடுபட்டுத் தொங்கியது.

"காலையில இராஜாங்கம் வந்து புடுங்கிட்டுப் போனாரும்மா" என்றார் பாய். "நீதான் சொல்லி அனுப்பினேன்னாரு."

பழைய போன். பேட்டரி போய்விட்டது, பிளக்கைப் பிடுங்கினால் அணைந்துவிடும். கரண்ட் போனால் பாய் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார், வந்ததும் அது தானே எழுந்துகொள்ளும். புதிய படம் வராவிட்டால் ஆப் கடைசியாகப் பார்த்த நிறத்தையே காட்டிக்கொண்டிருக்கும். கடைசியாகப் பார்த்தபோது கேட் திறந்திருந்தது. ஒருவர் வந்து பிடுங்குவார் என்று நான் யோசிக்கவே இல்லை. காலையிலிருந்து அந்தப் பச்சை எல்லோர் போனிலும் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்பா இறங்கி ஆம்புலன்ஸுக்குப் பின்னால் போனார். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். என்ன பார்த்தாரோ, கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு திரும்பி, நான் பிறந்ததிலிருந்து கேட்டிராத குரலில் கத்தினார்.

"பின்னால எடுங்கய்யா! வண்டியெல்லாம் பின்னால எடுங்க! அவன் திரும்பட்டும்!"

பஸ்ஸின் தகரத்தில் ஓங்கி ஓங்கித் தட்டினார். ஒரு கார்க்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ரிவர்ஸ் எடுத்தார். மூஸா பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொரு வண்டியாகப் பின்னுக்குத் தள்ளினார்கள். ஆம்புலன்ஸ் முன்னும் பின்னும் ஆடித் திரும்பி ஆத்தங்கரை ரோட்டில் போனது. அதன் சத்தம் வெகுதூரம் வரை கேட்டது. பிறகு ரயில் வந்ததும் அது கேட்கவில்லை.

அப்பா நேராகக் கடைக்குப் போனார். செல்போனில் பச்சைப் பட்டனும் சிவப்புப் பட்டனும் தவிர வேறெதையும் தொடாத மனிதர், தொங்கிய ஒயரை எடுத்துப் பிளக்கில் செருகினார். அம்மாவின் போனில் வெளிச்சம் வரும்வரை கழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் என் பைக்குள் சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தேன். சிவப்பு.

என்னிடம் வந்தார். "வண்டியத் திருப்பு பாப்பா."

"எங்கப்பா?"

"ஆபீசுக்குத்தான். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்னு அந்தம்மா சொல்லிச்சுல்ல." துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்த பிறகும் முகம் ஈரமாகவே இருந்தது. "உங்கம்மாவுக்கு அந்தக் கேட்டால ஒண்ணும் ஆவலன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன்."

"நிலம்ப்பா?"

"எதுக்கு வளைச்சீங்கன்னு கேக்குறேன். ராசாங்கம் கோச்சுக்குவான், கோச்சுக்கட்டும். நெலம் நின்னா நிக்கட்டும், போனா போவட்டும். அவ போயி ஒக்காந்து வாங்குன நெலம் அது. அவ செத்தத மறைச்சு நான் வச்சுக்க மாட்டேன்."

கேட் திறந்தது. எதிரும் புதிருமாக எல்லோரும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள். லாரிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி என்னை ஒதுங்கச் சொல்லிக் கத்தினார். வண்டியைத் திருப்பப் பார்த்தேன். ஹேண்டில் பிடிபடவில்லை, ரோடு தெரியவில்லை. கேட்டுக்கு முன்னால் ரோட்டின் நட்டநடுவில், ஊரே பார்க்க, நான் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன். அப்பா என் கையிலிருந்து வண்டியை வாங்கினார்.

"நவுரு. நான் ஓட்டுறேன். நீ பின்னால ஒக்காரு" என்றார்.