அவள் மேலே போகிறாளா

...இல்லை, முதலில் பழைய பிளேட்டைத்தான் போட வேண்டும், அதைக் கேட்ட காதோடு புதியதைக் கேட்டால்தான் எங்கே ஏறுகிறாள் எங்கே இறங்குகிறாள் என்று பிடிபடும், இதெல்லாம் இவர் சொல்லிக் கொடுத்ததுதான், ஆனால் உண்ணாமலைக்கு இப்போது எதைக் கேட்கவும் தெம்பில்லை, விடியற்காலையிலிருந்து நெல் அவித்து, அவித்ததை அள்ளி வாசலில் கொட்டிப் பரப்பி, தோள்பட்டை இரண்டும் வேறு யாருடையவோ போலத் தொங்குகின்றன, சுவரில் கொஞ்சம் சாய்ந்தால் கண் சொருகிவிடும், இந்த மனுஷனோ கிராமபோன் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து தாலி கட்டப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். மலையாண்டி வந்துவிட்டுப் போனதிலிருந்து இப்படித்தான். ரங்கூனில் இவரோடு ஒரே ஹோட்டலில் வேலை பார்த்தவன், இப்போது புதுக்கோட்டையில் பஸ் கண்டக்டர், திருச்சியில் சீமைக்குத் திரும்பும் ஒரு ரயில்வே துரையின் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்களாம், அதில் தேடி எடுத்தானாம், துண்டில் சுற்றி மடியில் வைத்தபடி திருவரங்குளம் வரைக்கும் வந்திருக்கிறான். "அண்ணே கேட்டுக்கிட்டே இருந்தாங்கள்ல மதினி, அதே பிளேட்டுதான். கீறல்கூட இல்லை, பாருங்க" என்றான். இவருக்கு அவன் சொன்னது கேட்கவில்லை. காகித உறையில் இருந்த பெயரைப் பார்த்தார், அவ்வளவுதான், மலையாண்டியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, காபித் தண்ணி குடிக்கக்கூட அவனை விடவில்லை.

நெல் காரவே. அதுதான் அந்த வெள்ளைக்காரியின் பெயர். அமெரிக்காவில் இருக்கிறாளாம், இவர் அவளைப் பார்த்ததில்லை, பிளேட்டில் கேட்டதுதான். முதல் தடவை இவர் அந்தப் பெயரைச் சொன்னபோது ஓரகத்தி சின்னப்பிள்ளை அக்கா சிரித்த சிரிப்பு... "பேரே நெல்லா? அப்ப அவிக்க வேணாம், குத்த வேணாம், பெட்டியிலே வச்சுச் சாவி குடுத்தாப் போதும்" என்றாள் அக்கா. உண்ணாமலையும் சிரித்தாள். சிரிக்க முடிந்த காலம் அது. இவர் லீவில் வந்திருந்தார், சண்டை அப்போது ரங்கூனுக்கு வந்திருக்கவில்லை, இரும்புப் பெட்டி நிறைய பிளேட்டுகளும் இந்தக் கிராமபோனும் கொண்டு வந்திருந்தார், கல்யாணமான வருஷமே கப்பலேறியவர், ஊர் வந்து சேர்ந்தால் பெண்டாட்டிக்குச் சேலை எடுத்துக் காட்டுவார் என்று பார்த்தால் பிளேட்டை எடுத்துக் காட்டுகிறார், சேலையும் இருந்தது, அது அடியில் இருந்தது. எல்லாம் அந்த ஒருத்தி பாடியதுதான். ஒரே பாட்டு இரண்டு மூன்று பிளேட்டில் இருக்கும், ஒரு வருஷம் பாடியதை இன்னொரு வருஷம் வேறு மாதிரி பாடியிருப்பாளாம், அதை இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, "இப்பக் கேளு, இங்கிட்டு இழுக்கிறாளா? அதுல வெட்டிட்டுப் போனா, இதுல இழுக்கிறா" என்பார். என்ன இழுத்தாள், என்ன வெட்டினாள், அன்றைக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை ஆட்டி வைத்தாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கை மேலே கை பட்டது, அதற்காக எத்தனை பிளேட்டு வேண்டுமானாலும் கேட்கலாம் என்றிருந்தது.

லீவு முடிந்து இவர் திரும்பிப் போனார், அப்புறம் ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பல் இல்லை. மலை வழியாக நடந்து வந்தவர்களில் இவரும் ஒருவர், வழியில் காய்ச்சல், சிட்டகாங் முகாமில் கொயினா மருந்தை அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள், உயிர் தங்கியது, காது போனது. இதெல்லாம் மலையாண்டி சொல்லித்தான் தெரியும். வீடு வந்து சேர்ந்த அன்றைக்கு வாசலில் ஊரே நின்றது, அவருடைய அண்ணன் ஓவென்று அழுதார், இவர் யாரையும் பார்க்காமல் நேரே அறைக்குப் போய் இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு பிளேட்டை எடுத்துப் போட்டுச் சாவி கொடுத்தார். மனிதர் பேசுவது கேட்காவிட்டாலும் அது கேட்கும் என்று நினைத்தாரா? நடந்து வந்த வழியெல்லாம் அப்படி நினைத்துக்கொண்டே வந்தாரா? பாட்டு பாட்டுக்கு ஓடியது, எல்லாரும் நின்றார்கள், இவர் உண்ணாமலையைப் பார்த்து, "பாடுதா?" என்று கேட்டார். காது போனவர் குரலின் அளவு தெரியாமல் கத்துவது போல, "பாடுதா?" ஆமாம் என்று தலையாட்டினாள். அன்றைக்குத்தான் அவர் அவள் கையைப் பிடித்துத் தூக்கி, மேலே போனால் இப்படி, கீழே வந்தால் இப்படி, இழுத்தால் விரலை இப்படி என்று... ஒரு பச்சைப் பிள்ளைக்குக் காட்டுவது மாதிரி காட்டினார். அதிலிருந்து இவருக்குக் காது அவள்தான். இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது, ஆனால் எந்த இடத்தில் அந்த வெள்ளைக்காரி மூச்சு வாங்குவாள், எந்த இடத்தில் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி வந்து சேருவாள், எல்லாம் தெரியும், வயலில் களை பறிக்கும்போதுகூட விரல் தானாக ஆடும், பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்த்து, "என்னாடி இவ" என்பார்கள்.

"போடு" என்கிறார். முழங்காலை மடக்கி உட்கார்ந்து சாவி கொடுத்தாள், தோள் வலித்தது, ஊசியைக் கல்லில் தேய்த்து வைத்திருந்தார், ஊசி கிடைப்பதே இல்லை இப்போது. முதலில் பழையது. பியானோ வந்தது, பின்னால் விளக்குமாற்றால் தரையைத் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம், அது மேளமாம், மேளத்தை யாராவது விளக்குமாற்றால் அடிப்பார்களா... பிறகு அந்தக் குரல். உங்கள் ஊரில் மழை விட்டுவிட்டதா என்று கேட்கிறாளாம், பாட்டு மொத்தமும் அவ்வளவுதானாம், இதைச் சொல்வதற்கா இவ்வளவு மெனக்கெடல் என்று முன்பு நினைத்ததுண்டு. இவர் பெட்டியின் பலகையில் விரல் நுனிகளை வைத்தபடி அவள் முகத்தையே பார்க்கிறார். கடைசி வரி வருகிறது, அங்கேதான் ஏறுவாள், படிப்படியாக அல்ல, ஒரே எட்டில், உண்ணாமலையின் கை தலைக்கு மேலே போகிறது, இவர் கண்ணை மூடிக்கொள்கிறார். நல்லது. இது எப்போதும் சரியாக வரும்.

இப்போது புதியது. இவர் இதை ஒரே ஒரு தரம் கேட்டிருக்கிறார். கப்பலில் அப்போதுதான் வந்து இறங்கிய பிளேட்டு, சாயங்காலம் விருந்தாளிகள் வருமுன்னே ஹோட்டல் கூடத்தில் யாரோ போட்டார்களாம், ஸ்டோர் கிளார்க்கான இவர் சீனி மூட்டையை எடைபோட வந்தவர் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாராம், பழையதில் ஏறுகிற உயரத்தைத் தாண்டி இதில் இன்னும் மேலே போகிறாள் என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். "கூரையைப் பிச்சுக்கிட்டுப் போவா பாரு. அது இன்னும் என் காதுலயே இருக்கு" என்பார். வேறு எதுவும் இல்லாத காதில் அது மட்டும் இருக்கிறது. அதற்காகத்தான் மலையாண்டி ஏலம் ஏலமாக அலைந்தது.

ஊசியை வைத்தாள். பியானோ இல்லை. ஒரே ஒரு பித்தளைக் குழல், அதுவும் தூக்கத்திலிருந்து எழுந்தது மாதிரி. மெதுவாக... இவ்வளவு மெதுவாகவா? நெல் காரவே பாடவே தொடங்கவில்லை போல் இருந்தது, பிறகுதான் தெரிந்தது தொடங்கிவிட்டாள் என்று, பேசுகிற மாதிரி, யாரோ பக்கத்தில் இருக்கிற மாதிரி, பாதி வார்த்தைகளை விட்டுவிட்டுப் போகிறாள், தாளம் ஒரு பக்கம் போகட்டும், நான் வருகிறபோது வருகிறேன் என்கிறாள். அதே பாட்டுத்தானா? அதே பாட்டுத்தான். உண்ணாமலையின் விரல் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. "என்ன? என்ன பண்றா?" என்று இவர் கேட்கிறார், அவள் உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்திக் காட்டினாள், சரி, சரி, பதுங்குகிறாள், கடைசிக்காகப் பதுங்குகிறாள் என்று தலையாட்டுகிறார். வாசலிலிருந்து அக்காவின் குரல், "உண்ணாமலை! நெல்லு காயுது, கோழி மேயுது, அங்கிட்டு என்ன கச்சேரியா நடக்குது?" இதோ வாரேன்க்கா என்று சொல்ல வாய் வந்தது, கடைசி வரி வந்துவிட்டது, சொல்லவில்லை.

அவள் மேலே போகவில்லை.

போகிற இடம் வந்தது, குழல் வழி விட்டு நின்றது, நெல் காரவே அந்த இடத்தின் வாசல் வரைக்கும் வந்து, ஏறாமல், அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தாள் என்றுதான் தோன்றியது. ஏற முடியவில்லையா, ஏற வேண்டாம் என்று நினைத்தாளா? எத்தனை தரம் ஏறுவது ஒருத்தி? இவர் கண்ணைக் கொட்டாமல் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தூக்கிவிடலாம். சும்மா தூக்கிக் காட்டிவிட்டால் போதும், தலைக்கு மேலே, அதற்கும் மேலே, யார் கேட்கப்போகிறார்கள், மனுஷன் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும்... கை மடியிலேயே கிடந்தது. பொய் சொல்லக் கூடாது என்றெல்லாம் இல்லை. அலுப்பு. கை எழவில்லை, அவ்வளவுதான்.

"மேல போறாளா?" கத்தினார்.

இல்லை என்று தலையாட்டினாள்.

"சரியாக் கேளு. திரும்பப் போடு."

திரும்பப் போட்டாள். திரும்பவும் அந்த வாசல், திரும்பவும் அந்த உட்காரல். இந்தத் தடவை இவர் பெட்டியின் மேல் இரண்டு கையையும் பரப்பிக் காதைப் பலகையோடு அழுத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கன்னத்தில் பலகையின் அச்சு. "ஒனக்கு வெளங்கல. ஒனக்கு என்ன பாட்டுத் தெரியும்? மலையாண்டி வரட்டும், அவன் கேட்டுச் சொல்லட்டும்." சுருக்கென்றது. இத்தனை நாளும் யாருடைய காது? களை பறித்த கையைக் கழுவாமல் வந்து உட்கார்ந்தது யார்? உலையை இறக்கி வைத்துவிட்டு, அக்காவிடம் பேச்சு வாங்கிக்கொண்டு... எனக்கா பாட்டுத் தெரியாது? இவருக்குக் கேட்காது என்று தெரிந்தே வாய்விட்டுச் சொன்னாள், நேருக்கு நேர் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக: "போகலைங்க. அவ மேல போகலை. அவளுக்கு அலுத்துப் போச்சு. அலுத்துப்போய்ப் பாடியிருக்கா. ஆனா நல்லாப் பாடியிருக்கா."

உதட்டைப் படித்தார். எவ்வளவு படித்தாரோ. முகத்திலிருந்த கோபம் அப்படியே நின்று, பிறகு போய்விட்டது. பிளேட்டின் ஓரத்தை விரலால் தடவினார். பிறகு, எப்போதும் கத்துகிறவர், கேட்குமோ கேட்காதோ என்கிற சின்னக் குரலில், "அப்ப நான் கேட்டது யாரு?" என்றார்.

அதற்கு என்ன சைகை காட்டுவது? கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவருக்கு எது கேட்டிருக்கும்? வேறு பிளேட்டா, வேறு ஒருத்தியா, இல்லை, மலையெல்லாம் நடந்து, காய்ச்சலில் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாக இவரே அவளை மேலே ஏற்றிவிட்டாரா? அவர் தோளைத் தொடப் போனாள். அதற்குள் எழுந்துவிட்டார். வெளியே போனார், குளத்துப் பக்கம் போய் உட்காரப்போகிறார் என்று நினைத்தாள், போகவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் பரப்பியிருந்த நெல்லில் இறங்கி, காலால் சால் விட்டுக் கிளற ஆரம்பித்தார். இந்த வீட்டில் ஆண்பிள்ளை யாரும் காய்கிற நெல்லைக் கிளறியதில்லை. "தம்பி! நீங்க ஏன் தம்பி... விடுங்க, அவ வருவா" என்று அக்கா பதறுவது கேட்டது, அவள் பதறுவது அவருக்குக் கேட்காது, தலை குனிந்தபடி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கும் அங்கிருந்து இங்கேயும் நடந்துகொண்டிருந்தார்.

போய் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வர வேண்டும். வர வேண்டும்தான். உண்ணாமலை சுவரில் சாய்ந்தாள். கொஞ்சம் இருக்கட்டும். கண்ணை மூடினால் தூங்கிவிடுவாள், தூங்கினாலும் யார் என்ன சொல்லப்போகிறார்கள்... தூக்கம் வரவில்லை, கை நீண்டு போய்ச் சாவி கொடுத்தது, ஊசியை வைத்தது. ஏன்? யாருக்குச் சொல்ல? எதிரே முகம் இல்லை. இது புதிதாக இருந்தது, இந்தப் பாட்டுகளை எதிரே இவர் முகம் இல்லாமல் அவள் கேட்டதே இல்லை, எப்போதும் பாதிக் காது பாட்டில், பாதிக் கண் இவர் மேலே. குழல் வந்தது. நெல் காரவே பேசினாள். மழை விட்டதா என்றாள், பதில் வராது என்று தெரிந்துகொண்டு கேட்கிறவளைப் போல. ஏற வேண்டிய இடத்தின் வாசலில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு தடவையும் அந்த இடத்தோடு இவர் என்ன என்ன என்று கேட்க, ஊசியை எடுத்துவிட்டாள், அதற்கு மேலே கேட்கவில்லை. இப்போது ஊசி ஓடியது. குழல் ஓய்ந்தது. எல்லாம் முடிந்து வெறும் கரகரப்பு வருவதற்கு முன்னால் ஒரு மூச்சு. பாட்டு இல்லை, வார்த்தை இல்லை, தலைச்சுமையை இறக்கி வைத்தால் வாயிலிருந்து வருமே, அது. இவ்வளவு தூரத்தில் இருக்கிற ஒருத்தி, யாரும் கேட்கவில்லை என்று நினைத்து விட்ட மூச்சு.

நிமிர்ந்து பார்த்தாள். இவர் நெல்லுக்கு நடுவே நின்று கதவு வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தைத் தூக்கினார், என்ன? உண்ணாமலையின் கை மடியிலிருந்து கொஞ்சம் எழுந்தது. பிறகு ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். ஏன் அப்படிச் சொன்னோம்? இதற்குச் சைகை இல்லை என்பதாலா, அதுதானா? தேடினால் கிடைக்காதா, இவ்வளவு கண்டுபிடித்தவர்கள் இதை ஒன்றைக் கண்டுபிடிக்க மாட்டோமா... நாளைக்குச் சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம், இவருக்குத் தெரியாதது ஒன்று தன்னிடம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தபோது தனக்கே திக்கென்றது. அவர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பிளேட்டு சும்மா சுற்றியது, ஊசி வீணாய்த் தேய்கிறது, எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டே அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.