குடையால் திருப்பிய வெள்ளம்

1

ஒரு வெள்ளத்தை நான் குடையால் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நம்பாதவர்கள் வரிசையில் வரவும். முதல் ஆளாக என் தங்கை புருஷன், கொத்தனார் மேஸ்திரி, ஏற்கெனவே நிற்கிறான். இந்தக் கதை பிறந்ததே அவனால்தான். டீக்கடையில் எல்லார் முன்னாலும், "மச்சான் சொல்றதுல பாதியத் தள்ளுங்க, மீதிய நம்பாதீங்க" என்றான். எழுதியே காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

2

வானம் பிளந்துகொண்டு—

வேண்டாம். எல்லா வெள்ளமும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

போன மழையில் மேட்டுக்குப் போகும் ஒரே நடைபாதை சரிந்து போனது. ஊரே கடப்பாறையும் கூடையுமாக இறங்கி மறுபடி வெட்டியது. மேட்டு வீட்டில் மேஸ்திரியின் மகள், எனக்கு மருமகள் முறை, நிறைமாதம். [இந்த இடத்தில் மட்டும் எனக்குப் பொய் வரவில்லை.]

மேலிருந்து வரும் தண்ணீர் பாதையோடு ஓடினால் பாதை போய்விடும். அதனால் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டிப் பள்ளத்துப் பக்கம் திருப்பிவிட்டோம். மேஸ்திரிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது எவனாவது இடறினால் என்ன ஆகும் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.

3

வலி வந்த அன்றே மழையும் வந்தது. அவளை நாற்காலியில் வைத்துக் கட்டி நான்கு பேர் தூக்கினார்கள். முன்பக்கம் மேஸ்திரி. எனக்குக் குடை பிடிக்கும் உத்தியோகம்.

வாய்க்கால் இருந்த இடத்துக்கு வந்தால், வாய்க்காலைக் காணோம். [எப்படிக் காணாமல் போனது? அப்புறம் எழுதலாம்.] தண்ணீர் எங்களை முந்திக்கொண்டு பாதையோடு ஓடி, இறங்க வேண்டிய புது மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தது. விளிம்பு ஒவ்வொரு கட்டியாக விழுந்தது. தூக்கியவர்கள் நாற்காலியோடு அப்படியே நின்றுவிட்டார்கள். அவள்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, "நிக்காதீங்க மாமா, ஏதாவது பண்ணுங்க" என்றாள்.

குடையை மடக்கினேன். வாய்க்கால் இருந்த இடத்தில் யானை யானையாய்க் கிடந்த பாறைகளை [சரி, மண்தான்] குத்தினேன். கம்பி வளைந்தது, துணி கிழிந்தது, கைப்பிடி கையோடு வந்தது. அதற்குள் ஒரு துளை விழுந்திருந்தது. தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. பிறகு அந்தத் துளையைத் தானே அகலமாக்கிக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்தது. எங்களுக்கு முன்னால் ஓராள் அகலத்துக்குப் பாதை மிச்சமிருந்தது.

4

முடிவு ஒன்று: பிறந்த குழந்தைக்குக் 'குடை' என்று பேர் வைக்கிறார்கள்.

முடிவு இரண்டு: மரக்கிளைகள் அடித்து வந்து வாய்க்காலை அடைத்தன என்று எழுதி, மேலே உள்ள அடைப்புக்குறியை நிரப்பிவிடுவது. வாசகரே, நீங்களாக இருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பீர்கள். நானும் எடுத்தேன்.

மேஸ்திரிக்கு வாசித்துக் காட்டினேன். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு கேட்டான். கிளை வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினான்.

"கிளை எதுவும் வரல மச்சான். முந்தின நாள் நான்தான் மண்ணப் போட்டு மூடினேன். யாரும் இடறக் கூடாதுன்னு."

நான் பேனாவை மூடினேன்.

"தொறங்க" என்றான். "குடையாலதான் திருப்பினீங்க. நான் பாத்தேன். எழுதுங்க."