எரிகிற வயிறும் கேட்கிற காதும்

சீட்டி என்பது அவள் பெயரில்லை. சின்ன வயதில் ஓயாமல் விசிலடித்ததால் ஒட்டிக்கொண்டது. இப்போது கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை, சாயங்காலமானால் கிளாரினெட். கம்பெனி ஆண்டு விழா, கடை திறப்பு, பிறந்த நாள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசிக்கிற ஒரு சின்னக் குழுவில் ஊதிக்கொண்டிருந்தாள். கிடாருக்கு ஒல்லி, கீபோர்டுக்கு வாத்தியார், டிரம்ஸுக்கு இடி. இடியும் இவளும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவரும் கூடப் பிறந்தவள் மாதிரிதான் இவளைத் திட்டுவார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நூலகத்து ஹால் மேனேஜர் வந்து அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிற வரைக்கும். மாதா மாதம் ஒரு சாயங்காலம் இசைக்கென்று ஒதுக்கப் போகிறார்களாம். முதல் மாதம் உங்களால் தனியாக வாசிக்க முடியுமா, சனிக்கிழமைக்குள் சொன்னால் போதும் என்றார். கேட்டதுதான் கேட்டார், ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கக் கூடாதா? மற்ற மூன்று பேரும் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த இடத்திலேயே கேட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. ஒல்லி ரொம்ப அக்கறையாக விசாரித்தான். தனக்குத் தெரிந்த ஒருத்தர் இப்படித்தான் தனியாக வாசிக்கப் போனாராம். கடைசியில் ஹாலில் மிச்சம் இருந்தது அவரும் அவர் மாமனாரும்தானாம். வாத்தியார் எதுவும் சொல்லவில்லை. அவள் ஊத ஆரம்பித்தால் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். இடி நேராகவே சொல்லிவிட்டார், கொட்டு இல்லாமல் உன்னால் ஒரு பாட்டு தாண்ட முடியாது, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று. அந்த 'நல்லதுக்கு'தான் அவளை ஒரேயடியாகச் சாய்த்தது.

கிளாரினெட் பெட்டி பீரோ மேலே ஏறியது. பஸ் டிரைவரான அவள் புருஷனுக்கு மனைவி முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்கத் தெரியாது. ஆனால் காது உண்டு.

"என்ன, வீடு இவ்வளவு அமைதியா இருக்கு? உலை கொதிக்கிற சத்தம்கூடக் கேக்குது."

அவள் நடந்ததைச் சொன்னாள். முடியாது என்று சொல்லிவிடப் போவதையும் சொன்னாள். அவன் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, டிப்போவில் புது பஸ் வந்த கதையை ஆரம்பித்தான். புது வண்டி யார் கைக்குப் போனாலும் மற்ற டிரைவர்கள் எல்லாரும் போய், பிரேக் சரியில்லை போலிருக்கே, பார்த்து ஓட்டு என்பார்களாம்.

"நானும் சொல்லிருக்கேன்."

"பிரேக் எப்படி இருந்துச்சு?"

"பிரமாதமா இருந்துச்சு. அதான் வயித்தெரிச்சலே." சாப்பாட்டை முழுங்கிவிட்டுத் தொடர்ந்தான். "ஆனா இடது பக்கக் கண்ணாடி கொஞ்சம் திரும்பியிருந்துது. அதை நான்தான் கண்டுபிடிச்சேன். வண்டியை வாங்கினவன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். நான் இஞ்ச் இஞ்சாப் பார்த்தேனே."

சொல்லிவிட்டு ரசம் கேட்டான். இவளுக்குத்தான் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் கடை முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடியின் பட்டறைக்குப் போனாள். பகலில் அவருக்கு சோபா பழுது பார்க்கிற வேலை. வாய் நிறைய ஆணியோடு ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பிரிங் போன சோபா ஒன்றில் இவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் பாதி உள்ளே போய்விட்டாள். வாசிக்கிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள் என்றாள்.

அவர் ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினார்.

"நாம ரெண்டு பேரும் ஒண்ணாச் சேர்ந்தோம். இத்தனை வருஷத்துல யாராவது என்கிட்ட வந்து, நீ தனியா வாசிக்கிறியான்னு கேட்டிருக்காங்களா?"

கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை. கிளாரினெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

"எனக்கு வயிறு எரியுதும்மா."

"தெரியும்ணே. அது எரியட்டும். காதைக் குடுங்க."

அவர் முதலில் முறைத்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சரி, ஊதித் தொலை என்றார்.

ஊதினாள். முதல் பாட்டு பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். ஒவ்வொரு வரி முடிகிற இடத்திலும் அவள் மூச்சை முன்னாலேயே எடுத்துவிட்டு, அடுத்த வரிக்கு அவசரமாக ஓடுகிறாளாம். குழுவில் வாசிக்கும்போது அது யாருக்கும் தெரியாது.

"ஏன் தெரியாது?"

"அங்கதான் நான் டிரம்ஸ்ல ஒரு உருட்டு உருட்டுவேன்ல. என்னமோ அலங்காரத்துக்குன்னு நினைச்சியா? உன் ஓட்டையை அடைக்கிறேன்."

இத்தனை காலமும் அவள் அதை அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆக, கொட்டு இல்லாமல் உன்னால் முடியாது என்று மனுஷன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

"இப்ப என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதே. வரி முடிஞ்சா சும்மா இரு. அது உனக்கு வராது, வாயைக் கட்டி வச்சாலும் மூக்கால ஊதுவ."

சுத்தியலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அது இறங்குகிற வரைக்கும் ஊதக் கூடாது. முதல் தடவை ஊதிவிட்டாள். அடுத்த தடவையும் ஊதினாள். சோபாவைக் கேட்டு வந்த ஒரு அம்மாள், தூக்கிய சுத்தியலையும் பள்ளத்துக்குள்ளிருந்து ஊதுகிறவளையும் பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிப் போனாள். சனிக்கிழமை காலையில் சீட்டி மேனேஜருக்கு போன் போட்டு, வருகிறேன் என்றாள். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் பட்டறையில்தான்.

அந்த நாளும் வந்தது. ஹாலில் நாற்காலி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. ஒல்லி வாசலுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்திருந்தான், எழுந்து போக வசதியாக. வாத்தியார் வரவில்லை. இடி முதல் வரிசையில்.

முதல் வரி முடிந்தது. நிறுத்தினாள். எங்கோ ஒரு நாற்காலி முனகியது. யாரோ தொண்டையைச் செருமப் போய் அடக்கிக்கொண்டார்கள். ஓடு ஓடு என்று உள்ளுக்குள் ஒரு குரல் விரட்டியது. அவள் இடியைப் பார்த்தாள். உருட்டாமல் இருக்க முடியாமல் மனுஷன் இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. தன்னைவிட அவருக்குத்தான் அதிகக் கஷ்டம் என்று தெரிந்ததும் அவள் பயம் இறங்கிவிட்டது. நிதானமாக மூச்சு இழுத்தாள். அடுத்த வரி தானாக வந்து சேர்ந்தது, முந்தின வரியைக் கேட்டுவிட்டு வந்த மாதிரி.

யாரும் எழுந்து போகவில்லை. ஒல்லிகூட.

முடிந்ததும் அவளைச் சுற்றிக் கூட்டம். அருமை, அருமை என்றார்கள். எது அருமை என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எல்லாரும் விலகிய பிறகு இடி வந்தார்.

"கடைசிப் பாட்டுல ஒரு இடத்துல ஓடின."

"ஆமாண்ணே, தெரிஞ்சுது. இப்ப எரிச்சல் எப்படி இருக்கு?"

"முந்திக்கு இப்ப ஜாஸ்தி." ரொம்ப மனப்பூர்வமாகச் சொன்னார். சீட்டிக்கு அன்று கிடைத்ததிலேயே அதுதான் இனித்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். அடுத்த மாதத்துக்கு யாராவது இருந்தால் சொல்லுங்களேன் என்றார். அவள் யோசிக்கவே இல்லை. பக்கத்தில் நின்றவரைக் காட்டி, டிரம்ஸ், தனியாக என்றாள்.

மேனேஜர் தயங்கினார். தனியாக டிரம்ஸ் மட்டுமா, ஜனங்கள் உட்கார்ந்து கேட்பார்களா என்று இழுத்தார். இடி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மட்டும் இந்தப் பக்கம்.

"கேப்பாங்க சார்," என்றாள் சீட்டி. "நான் முதல் வரிசையில உட்கார்ந்து வயிறெரியப் போறேன், வேணும்னா வந்து பாருங்க."