சுயேன் அக்காவின் மூக்கு

பிப்ரவரி கடைசியில் எங்கள் நாம்தின் ஊரில் தரை வியர்க்கத் தொடங்கும். வானத்திலிருந்து விழுவது மழையும் இல்லை, பனியும் இல்லை. சுவர் நசநசக்கும். துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. வாசல் கல்லில் கால் வைத்தால் வழுக்கும். அந்தப் பருவத்தில்தான் என் இடது முழங்காலும் ஈரத்தில் ஊதிப்போன கதவு மாதிரி ஆகிவிடும். முழுக்கத் திறக்காது, முழுக்க மூடாது, அசைத்தால் சத்தம் மட்டும் போடும்.

இந்த வருடம் அது கொஞ்சம் முன்னதாகவே ஆரம்பித்துவிட்டது. மார்ச் எட்டாம் தேதி பெண்கள் தினத்தன்று நகரத்து வட்டங்களுக்கு இடையே காற்றுப்பந்துப் போட்டி. பெரிய பலூன் மாதிரி மெத்தென்ற பந்து, நடுவில் வலை, பக்கத்துக்கு ஐந்து பேர். எங்கள் வயதுக்காரர்களுக்கென்றே உள்ள ஆட்டம். அந்த ஐந்து பேரில் நானும் ஒருத்தி. அந்த இடத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை.

ஏன் என்று கேட்டால், என் நாத்தனார் தோவாவைத்தான் காட்ட வேண்டும். பக்கத்துச் சந்தில் இருக்கிறாள். மூட்டுவலி என்று இரண்டே வாரம் ஓய்வாக உட்காரப் போவதாகச் சொல்லி ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் நாற்காலிக்கு மெத்தை வந்தது. பிறகு பக்கத்தில் ஒரு குட்டி மேசை, மேசை மேல் வெந்நீர்க் குடுவை, எதிரே தொலைக்காட்சி. நாற்காலியைச் சுற்றி ஒரு வீடே வளர்ந்துவிட்டது. இரண்டு வருடமாக அவள் அதிலிருந்து எழுந்து வாசலைத் தாண்டவில்லை. போனால், "தாவ், நீயும் கொஞ்சம் உக்காரேன், என்ன பறக்கிற?" என்பாள். அந்த வார்த்தையைக் கேட்டாலே நான் செருப்பைத் தேடுவேன்.

முப்பது வருடம் நெசவாலையில் தறிகளுக்கு நடுவே நடந்தவள் நான். உட்கார்ந்தால் எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. அன்று காலையும் வட்டத்து ஒலிபெருக்கி செய்தி வாசித்து முடிப்பதற்குள் கூடத்துத் தரையை இரண்டு முறை துடைத்துவிட்டேன். துடைக்கத் துடைக்கத் தரை மறுபடி வியர்த்தது.

என் கணவர் லுவான் தன் கொண்டைக்குருவிக் கூண்டுக்கு வாழைப்பழம் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அந்தத் தரை உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு? கொஞ்சம் விட்டுத்தான் வையேன்."

"வழுக்கி விழுவீங்க."

"நான் ஏன் விழறேன்? நான் உக்காந்துல்ல இருக்கேன். நீதான் நொண்டிக்கிட்டே ஓடுற."

"யாரு நொண்டுறா?"

"இந்தக் குருவிக்கே தெரியுது, எனக்குத் தெரியாதா?"

அதற்கு மேல் பேச்சு வளர்ந்தால் தோவாவின் நாற்காலிக்கு ஜோடி நாற்காலி ஒன்று போடுவதைப் பற்றி வேடிக்கை பேசுவார். பந்தாட்டச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கலாசாரக் கூடத்து முற்றத்தில் சுயேன் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் எங்கள் அணித்தலைவி. போன வருடம் போட்டியின் நடுவே எங்கள் அணிப் பெண் ஒருத்தி விழுந்ததில் இடுப்பெலும்பு விரிசல் கண்டது. ஒரு மாதமாகத் தைலத்தைத் தேய்த்துத் தேய்த்து வலியை மறைத்து ஆடியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவளுடைய மகன்கள் அக்காவின் வாசலில் வந்து நின்று கத்திய கத்தலைத் தெருவே கேட்டது. அக்கா அதை மறக்கவில்லை.

"எல்லாரும் கேட்டுக்கங்கடி. இன்னையிலேருந்து யார் மேல தைல வாசனை வருதோ அவ வெளிய உக்காந்துக்கணும். வலி இருந்தாத்தானே தைலம்? அவ்வளவுதான் என் கணக்கு. அவ இடத்துல ஹாவ் ஆடுவா."

ஹாவ் வங்கி வேலையிலிருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றவள். தலைமுடிக்குச் சாயம், காலில் வெள்ளைச் சப்பாத்து, ஆட்டுக்குட்டி மாதிரி முழங்கால். பேர் சொன்னதுமே இரண்டு துள்ளு துள்ளிக் காட்டினாள்.

என் பக்கத்தில் நின்ற மூய் கை தூக்கினாள். "அக்கா, எங்க வீட்டுத் தலகாணியே தைல வாசனைதான் அடிக்கும். நான் என்ன பண்ண?"

"தலகாணிய மாத்து."

"புருஷன் மேலயும் அடிக்குது."

"அதையும் மாத்து."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வயதுப் பெண்களிடமிருந்து பச்சைத் தைல வாசனையை எடுத்துவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கே எங்களை அடையாளம் தெரியாது. தலைவலிக்கு அதுதான், வாய்வுக்கு அதுதான், கொசுக்கடிக்கும் அதுதான். நான் அன்று முழங்காலுக்குத் தேய்த்ததைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். அக்கா என்னைத் தாண்டிப் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன், ஏதோ வாசனை என் மூக்கிலிருந்துதான் வருகிறது என்பது போல.

மறுநாள் வட்டத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா முழங்காலை மடக்கிப் பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், எனக்கு ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைக்கூடப் பார்த்தாள்.

"உக்காந்தே இருந்தா மூட்டு இறுகிடும் பெரியம்மா. நடங்க, கை கால ஆட்டுங்க. ஆனா குதிக்காதீங்க, சட்டுனு திரும்பாதீங்க. வலி ஏறுச்சுன்னா கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எழுந்திருங்க."

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"நடக்கச் சொன்னாங்க."

"வேற?"

"வேற என்ன? நடக்கத்தான் சொன்னாங்க."

மீதியை நான் சுகாதார நிலையத்து வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

தைலம் கூடாதென்றால் மாசிபத்திரி இருக்கிறதே. இலையைக் கல்லுப்போடு வறுத்துத் துணியில் முடிந்து சூடாக முழங்காலில் வைத்தால் வலி ஒரு சுற்று இறங்கும். கொல்லைத் தொட்டியில் நிறையவே தழைத்திருந்தது. வறுத்தேன், கட்டினேன். காலையில் கால் நன்றாகவே மடங்கியது. ஆனால் அவிழ்த்துக் கழுவிய பிறகும் அந்தக் கசப்பு மணம் தோலில் அப்படியே உட்கார்ந்திருந்தது. சுயேன் அக்காவின் மூக்குக்குத் தைலம் என்றில்லை, எதுவும் தப்பாது.

கொஞ்ச நேரம் அடுப்படியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பிறகு மீதி இலையைப் பொடியாக நறுக்கி, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, மாசிபத்திரி ஆம்லெட் போட்டேன். காலையில் இதைத் தின்னாத வீடு எங்கள் ஊரில் உண்டா? வாயிலும் அதே மணம், கையிலும் அதே மணம். முழங்காலில் வருவதை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.

அக்கா போட்டிக்கான சிவப்புச் சட்டைகளை அளவு வைத்துப் பார்க்கிற சாக்கில் ஒவ்வொருவரிடமும் நெருங்கி நின்றாள். என்னிடம் வந்ததும் மூக்கு விரிந்தது.

"என்னடி தாவ், ஏதோ கசப்பா வாசனை?"

"காலையில மாசிபத்திரி ஆம்லெட் சாப்பிட்டேன் அக்கா."

"ம்." மூய் பக்கம் திரும்பினாள். "உன் மேலயும் அதே வாசனை?"

மூய் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எங்க வீட்லயும் இன்னைக்கு ஆம்லெட்தான்."

அடுத்து எங்கள் அணியின் மீன்காரி. "எனக்கும் ஆம்லெட்டு." அவளுக்கு அடுத்து, பள்ளிக்கூடத்தில் சமையல்காரியாக இருந்தவள். அவள் கேட்பதற்கு முன்பே தலையாட்டினாள். "மூணு முட்டை அக்கா."

ஹாவ் மட்டும், "நான் ஒட்டரிசிச் சோறுதான் சாப்பிட்டேன்" என்றாள், எதுவும் புரியாமல்.

அக்கா எங்களை ஒரு பார்வை பார்த்தாள். "இந்த வட்டத்துக் கோழிங்க எல்லாம் பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்தாள்.

அன்றைய பயிற்சி ஆட்டத்தைப் போல ஒரு கேவலத்தை நான் பார்த்ததில்லை. எதிரே பக்கத்து வட்டத்துப் பெண்கள். அவர்கள் பந்தை எனக்கும் மூய்க்கும் நடுவே போட்டார்கள். அது என் இடது பக்கம். மூய்க்கு வலது பக்கம். நான் நகரவில்லை.

"உங்களுது அக்கா!"

"உன்னுதுடி!"

பந்து எங்கள் நடுவே மெத்தென்று விழுந்து உருண்டது. அடுத்த பந்தும் அங்கேயே வந்தது, அதற்கடுத்ததும். எதிரணிக்கு வேறு இடமே தேவைப்படவில்லை.

"ரெண்டு பேரும் ஏன் கோயில் சிலை மாதிரி நிக்கிறீங்க?" அக்கா பின்னாலிருந்து கத்தினாள்.

அந்தக் கத்தல்தான் மூயைக் கிளப்பிவிட்டது. அடுத்த பந்துக்கு அவள் வலது பக்கம் பாய்ந்தாள். பாய்ந்தவளின் கணுக்கால் அவளைத் தாங்கவில்லை. ஈர சிமெண்டில் கால் வழுக்கியது. நான் அவள் சட்டையைப் பற்றி இழுத்தேன். சட்டை கிழிந்தது, மூய் என் மேல் சாய்ந்தாள், இரண்டு பேரும் வலைக் கம்பத்தில் மோதி நின்றோம். விழவில்லை. ஆனால் மூயின் முகம் வெளுத்திருந்தது. அக்காவின் முகம் அதைவிட வெளுத்திருந்தது.

நான் நகர்ந்திருந்தால் அவள் பாய்ந்திருக்க மாட்டாள். என் ஆம்லெட்டும் அவள் ஆம்லெட்டும் சேர்ந்து இன்னொரு இடுப்பை உடைத்திருக்கும். அப்போது என் மனதில் தோவாவின் நாற்காலிதான் நின்றது. இருந்தும் வாய் தானாகத் திறந்தது.

"அக்கா, என் இடது முழங்கால் சரியில்ல. அந்தப் பக்கம் என்னால போக முடியாது. ராத்திரி மாசிபத்திரி வறுத்துக் கட்டுனேன். ஆம்லெட் அதை மறைக்கத்தான் போட்டேன்."

ஹாவ் என் இடத்தில் இறங்குவதற்காக மேல்சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு வலது கணுக்கால்" என்றாள் மூய், இன்னும் என் தோளைப் பிடித்தபடி.

"எனக்குக் குதிகால்" என்றாள் மீன்காரி. சமையல்காரி மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

அக்கா எங்களை நெருங்கி வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் வந்ததும்தான் அவள் தோளிலிருந்து ஒரு வாசனை என் மூக்கில் ஏறியது.

"அக்கா, உங்க மேல வலிக்குத் தேய்க்கிற இஞ்சிச் சாராய வாசனை வருதே?"

"கோழிக்கறிக்கு ஊத்துனேன்."

"கறிய என்ன, தோள்ல வச்சா சமைச்சீங்க?"

மூய்க்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. எதிரணிப் பெண்களும் வலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா ஒரு வாரமாகப் பந்தைத் தலைக்கு மேல் தூக்கி அடிக்காமல் கீழிருந்தே தட்டிக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்குமே அப்போதுதான் உறைத்தது. அவள் முதலில் முறைத்தாள். பிறகு முற்றத்து ஓரத்தில் போய் நின்று வலது தோளைப் பிடித்துக்கொண்டு, "மேல தூக்கினா உயிர் போகுதுடி" என்றாள்.

அதற்குப் பிறகு அன்று பந்து ஆடவில்லை. யார் எந்தப் பக்கம் போக முடியும், யாரால் குனிய முடியாது என்று நின்று பேசினோம். நானும் மூயும் இடம் மாறினோம். என் வலது கால் பக்கமும் அவள் இடது கால் பக்கமும் நடுவில் வந்தன. இத்தனை நாள் விழுந்துகொண்டே இருந்த அந்த இடத்தில் இப்போது இரண்டு நல்ல கால்கள் இருந்தன.

கிளம்பும்போது அக்கா என்னைத் தனியாகப் பிடித்தாள்.

"முதல் சுற்று நீ ஆடு. ரெண்டாவது சுற்று ஹாவ் ஆடட்டும், நீ உக்காரு. மூணாவது வந்தா மறுபடி நீ. ஒத்துக்கிட்டா சட்டைய எடுத்துக்கோ."

"உக்காந்தா நான் எழுந்திருக்க மாட்டேன் அக்கா. எனக்குத் தெரியும்."

"எழுந்திருக்கலைன்னா நான் தூக்கி விடுறேன். ஒரு கைதான் இருக்கு, பரவாயில்ல."

சட்டையை எடுத்துக்கொண்டேன்.

போட்டியன்று முதல் சுற்றை ஜெயித்தோம். நடுவில் வந்த பந்துகளில் பாதியை மூய் எடுத்தாள், பாதியை நான். விசில் ஊதியதும் ஹாவ் துள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நான் வெளியே வந்தேன். ஓரத்தில் தாழ்வான பிளாஸ்டிக் முக்காலிகள் கிடந்தன. அதில் உட்காரக் காலை மடக்கினாலே முழங்கால் அலறும். நின்றேன். கோட்டோரம் நடந்தேன். நடுவர் இரண்டு முறை என்னைப் பார்த்தார்.

அப்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. என் கணவர். பின்னிருக்கையில் கயிற்றால் கட்டிய எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நாற்காலி.

"இதுக்குத்தான் காத்திருந்தீங்களா?" என்று சீறினேன்.

"அந்த முக்காலியில உக்காந்தா உன்னால எழுந்திருக்க முடியாது. இது உயரம். உக்காரு."

"டாக்டர் நடக்கத்தான்…"

"மீதியையும் அந்தப் பொண்ணு எங்கிட்ட சொல்லிடுச்சு. சந்தையில பார்த்தேன். உக்காரு."

நுனியில் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கால் மேல் வைத்தேன். சூடாக இருந்தது. ஹாவ் நன்றாகத்தான் ஆடினாள், ஆனாலும் எதிரணி அந்தச் சுற்றைப் பிடுங்கிவிட்டது. ஆளுக்கு ஒன்று. சுயேன் அக்கா என் பக்கம் திரும்பி இடது கையை ஆட்டினாள்.

நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தேன். முழங்கால் தன் சத்தத்தைப் போட்டது. அவ்வளவுதான். எழுந்துவிட்டேன். யாரும் தூக்கிவிட வேண்டியிருக்கவில்லை.

அவர் கயிற்றைக் கையில் எடுத்தார். "நாற்காலிய வீட்டுக்குக் கொண்டுபோயிடட்டுமா?"

"இருக்கட்டும். அடுத்த ஆட்டத்துக்கு வேணும்."

"ஜெயிச்சாத்தானே அடுத்த ஆட்டம்?"

"எடுக்காதீங்கன்னு சொல்றேன்ல" என்றபடி மூயின் இடது பக்கம் போய் நின்றேன்.