ஒரு பின்னேரம் கிடந்த மாலை

அவள் நடித்த படத்துக்கு வெளிநாட்டில் விருது கிடைத்த செய்தி வந்த நாளிலிருந்து சிவாஜினிக்குச் சோறு இறங்கவில்லை. சல்லி மீனவக் கிராமமே அவளைக் கொண்டாடியது.

"என்னடி நடிகை, இனி எங்களோட கதைப்பியோ?" என்று பக்கத்து வீட்டுக் கஜந்தி கருவாடு காயப்போட்டபடியே கிண்டலடித்தாள். சிவாஜினி சிரித்து வைத்தாள்.

சின்னப் படம்தான். யுத்தத்தில் காணாமற்போன புருசனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி, கடைசியில் அவன் போட்டோவுக்கு மாலை போடுகிறாள். நிலாவெளிப் பெடியன் நிலக்சன் அதைச் சிவாஜினியின் வீட்டிலேயே எடுத்தான். சுவரில் மாட்டவென்று அவன் கொண்டுவந்த போட்டோ புத்தம்புதிதாகப் பளபளத்தது. "அக்கா, உங்கட அவரின்ர போட்டோ இருக்குத்தானே? அதையே வைப்பமா?" என்று கேட்டான். ஏன் தலையாட்டினாள் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவள் புருசன் தவரூபனும் அப்படித்தான். யுத்த காலத்தில் மீன் விற்கச் சீனன்குடாப் பக்கம் போனவன் திரும்பவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்பதில் அவன் தாய் கோணேஸ்வரி ஒருநாளும் தளர்ந்ததில்லை. மருமகள் பொட்டில்லாமல் வாசலுக்குப் போனால் கூப்பிட்டு வைத்துவிடுவாள். மகனின் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு பூவை அண்டவிடமாட்டாள். மாலை செத்தவர்களுக்கு. படம் எடுத்த அன்று அவள் மூதூரில் மகள் வீட்டில் நின்றாள்.

"தம்பி, அந்த மாலை போடுற இடத்தை மட்டும் வெட்ட ஏலாதோ?" என்று சிவாஜினி போனில் கெஞ்சினாள்.

"என்னக்கா நீங்கள்? அந்த இடத்துக்குத்தானே விருதே தந்தவங்கள்!"

மாமியாரையும் மறிக்க ஏலவில்லை. ஊர் மண்டபத்தில் படம் போட்ட அன்று கோணேஸ்வரி புதுச்சீலை உடுத்து, முன்வரிசைக் கதிரையில் போய் இருந்தாள். "என்ர மருமோள்தான் நடிச்சது" என்று அக்கம்பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

திரையில் தவரூபனின் கழுத்துக்கு மாலை ஏறியது. பின்னால் யாரோ விம்மினார்கள். கோணேஸ்வரியின் கை இருட்டில் தேடிவந்து மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தது. கத்தப்போகிறாள், அடிக்கப்போகிறாள் என்று சிவாஜினி காத்திருந்தாள். படம் முடிந்து எல்லோரும் எழுந்து கைதட்டும்போதுதான் கோணேஸ்வரி அவள் பக்கம் திரும்பினாள்.

"அந்த மாலையை ஆர் கழற்றினது?"

"நான்தான் மாமி."

"உடனயோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று படம் எடுத்தவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனபிறகும் சிவாஜினி அந்த மாலையைத் தொடவில்லை. அதன் கீழே பாயை விரித்துப் படுத்து, எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அயர்ந்து உறங்கியிருந்தாள்.

"இல்லை மாமி. பின்னேரம் முழுக்கக் கிடந்தது."

பிடி தளர்ந்தது. கோணேஸ்வரி மெதுவாகக் கேட்டாள்: "அந்த நேரம் பாத்து அவன் வந்திருந்தா? வாசல்ல நிண்டு பாத்திருப்பானே. என்னைச் செத்தவனாக்கிப் போட்டினம் எண்டு திரும்பிப் போயிருப்பானே, பிள்ளை."

மேடையில் நிலக்சன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். சிவாஜினி எழும்பவில்லை. தான் உறங்கிய அந்தப் பின்னேரத்தில் வாசல் படலை திறந்த சத்தம் கேட்டதா, நாய் ஏதும் குரைத்ததா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.