ஒட்டாத பொடி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அன்று காலை அது மூக்கையும் தாண்டி உச்சந்தலைக்கே ஏறிவிட்டது.

எங்களுடையது பவுடர் கோட்டிங் பட்டறை. பெயின்ட் பொடிக்கு மின்னூட்டம் கொடுத்து, தொங்கவிட்ட இரும்புச் சாமான் மேல் துப்பாக்கி மாதிரியான ஸ்ப்ரே கன்னால் பீய்ச்சுவோம். மின்விசை பொடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படியே அடுப்புக்குள் தள்ளினால் பொடி உருகி வழவழவென்று பெயின்ட் ஆகிவிடும். அன்றைக்கு மட்டும், ஆஸ்பத்திரிக் கட்டில் மேல் பீய்ச்சிய பொடி ஒட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்துத் தரையில் கொட்டியது.

மத்தியானம் ஆஸ்பத்திரியின் கொள்முதல் மேனேஜரம்மா, சாம்பிளுக்கு அனுப்பிய அந்தக் கட்டிலைப் பார்க்க வருகிறார். ஆர்டர் கிடைத்தால் பட்டறை பிழைக்கும். கிடைக்காவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு என் கணவர் கடல் தாண்டி வேலைக்குப் போவார். அங்கே வேலை தருவதாகச் சொன்ன கம்பெனிக்காரன் சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தான். போன தடவை இவர் திரும்பி வந்தபோது எங்கள் மகள் என் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்போ அவங்க வீட்டுக்குப் போவாரு?" என்று கேட்டாள். அதை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை.

"கன்னோட ஆயுசு முடிஞ்சுபோச்சு," என்றார் கணவர். "விடு. நான் அந்தக் கம்பெனிக்குச் சரின்னு சொல்லிடறேன்."

"முதல்ல வாயக் கழுவுங்க," என்றேன்.

என் கொழுந்தனுக்கு எதிலும் அவசரம். கேட்காமலே வோல்டேஜை ஏற்றினான். பொடி முன்னைவிட அதிகமாகக் கொட்டியது.

"இன்னும் கொஞ்சம் ஏத்தவா அண்ணி?"

"ஏத்தி, நம்ம மூணு பேரையும் மேலயே அனுப்பிடு. தள்ளி நில்லு தம்பி!"

கல்லூரியில் நான் படித்தது இயற்பியல். அடுப்புக் கதவிலேயே சாக்பீஸால் கணக்குப் போட ஆரம்பித்தேன். பொடித் துகளில் எதிர் மின்னூட்டம்; அதற்கு ஈடாக இரும்பில் நேர் மின்னூட்டம் திரண்டு நிற்கும். இரண்டையும் பெருக்கி, இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்து, மாறிலியால் பெருக்கினால் விசை. அது துகளின் எடையை விடப் பெரிதாக வர வேண்டும். வந்ததோ ஒன்றுக்கும் உதவாத ஒரு துக்கடா எண்.

"கணக்கும் கைவிட்டுடுச்சா?" என்று சிரித்தார் கணவர். குரலில் சிரிப்பே இல்லை.

மறுபடி பார்த்தேன். இடைவெளிக்கு நான் போட்டிருந்தது கன்னுக்கும் கட்டிலுக்கும் உள்ள ஒரு சாண்! தலையில் அடித்துக்கொண்டேன். அந்த ஒரு சாணைக் கடக்க வைப்பது காற்றும் கன்னும். கட்டிலைத் தொட்ட பிறகு பிடித்து வைப்பதுதான் இந்த விசை. அப்போது இடைவெளி ஒரு துகளின் பருமன்தான், தலைமுடியை விட மெல்லியது. இடைவெளி பாதியானாலே விசை நாலு மடங்காகும். இங்கே ஒரு சாண் மயிரிழையாகச் சுருங்குகிறது. திரும்பப் போட்டதில், எடையைப் போல இருபது மடங்குக்கு மேல் வந்தது.

"பொடி விழவே கூடாதுங்க!"

"விழுதே?"

"அப்போ இரும்புல நேர் மின்னூட்டம் இல்ல. பொடி கொண்டுவர்ற மின்னூட்டம் தரைக்கு இறங்க வழியில்லாம கட்டில்லயே தங்கிடுது. ரெண்டு பக்கமும் ஒரே எதிர் மின்னூட்டம்னா ஒண்ண ஒண்ணு தள்ளத்தான் செய்யும். வோல்டேஜ ஏத்தினா இன்னும் தள்ளும்."

கணவர் மீட்டரை எடுத்துக் கட்டிலுக்கும் தரைக்கம்பிக்கும் இடையில் வைத்தார். தொடர்பே இல்லை. நான் அண்ணாந்து பார்த்தேன். கட்டில் தொங்கிய கொக்கிகள் இரண்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. எப்போதும் அவை துருவும் கறையுமாகத்தான் இருக்கும். இப்படி முழுக்கப் பெயின்ட் பூசி வைத்தால் கட்டிலின் மின்னூட்டம் அவற்றின் வழியாக எப்படித் தரைக்கு இறங்கும்?

கொழுந்தன் திருதிருவென்று விழித்தான். "நேத்து நான்தான் அண்ணி... மேனேஜரம்மா வர்றாங்களே, கொக்கி அசிங்கமா இருந்தா என்ன நெனப்பாங்கன்னு அடிச்சு, சுட்டு..."

"அடப்பாவி! பொண்ணு பாக்க வர்றது கட்டிலயா, கொக்கியயா?"

திட்டுவதற்குக்கூட நேரமில்லை. அரத்தை எடுத்து மூவருமாகக் கொக்கிகளைச் சுரண்டினோம். இரும்பு வெளியே தெரிந்ததும் வோல்டேஜைப் பழைய அளவுக்கே இறக்கி, கணவர் கன்னை எடுத்தார். பொடி போய் அப்பிக்கொண்டது. கட்டிலைத் தட்டினேன். ஒரு துகள் உதிரவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மேனேஜரம்மா வந்தபோது கட்டிலில் இன்னும் சூடு இருந்தது. குனிந்து மூலைமுடுக்கெல்லாம் பார்த்தார், நகத்தால் கீறினார், தட்டினார். கொக்கியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"நல்லாருக்கு. மத்தக் கட்டில எல்லாம் அடுத்த மாசத்துலேருந்து அனுப்பறேன்," என்றார். "வந்தா யாரக் கேக்கணும்?"

எதற்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற நான், அன்று கணவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னக் கேளுங்க," என்றார் கணவர். "நான் எங்கயும் போகல. இங்கதான் இருப்பேன்."

அதை மேனேஜரம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். எவ்வளவோ அடக்கியும் முடியாமல், அத்தனை பேர் முன்னாலும் நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

மேனேஜரம்மா பதறிப்போனார். "ஏம்மா, அவ்வளவு கட்டில் முடியாதா? வேணும்னா கொறச்சுக்கலாம்."

"ஐயோ, கொறைக்காதீங்க," என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எத்தன இருந்தாலும் அனுப்புங்க."