சுவர்ப் பக்கமா, ஜன்னல் பக்கமா

எங்கள் ஊரில் வேலைக்கு மனுப் போடும்போது எழுதும் சொற்கள் நேர்முகத்துக்கும் கூடவே வர வேண்டும். பஸ்ஸில் அவற்றுக்கு அரை டிக்கெட். உண்மையான சொல் என்றால் எழுதிய மறுநாள் காலை தானாக வந்து வாசலில் நிற்கும். பொய்யானால் வராது. அதற்கும் வழி இருக்கிறது. பஸ் நிலையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எபநேசரிடம் வாடகைக்குக் கிடைக்கும். சில சமயம் கம்பெனிக்கு ஆளைப் பிடிக்காது, சொல்லை மட்டும் பிடித்துப்போகும். அப்போது சொல்லை அங்கே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

பதினோரு வருடமாக நான் ஐஸ் கம்பெனியில் இரவுக் காவல். என் மனைவி புஷ்பலதாவுக்குத் தையல் கம்பெனியில் பகல் வேலை. காலையில் அவள் கிளம்பும்போது நான் வருவேன். மாலையில் நான் கிளம்பும்போது அவள் வருவாள். வாசலில் சாவி கை மாறும். எங்கள் குடும்பம் பெரும்பாலும் அந்தச் சாவியில்தான் நடந்தது. போன மாதம் சாவியைக் கொடுத்துவிட்டு, "உங்க குரல் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு," என்றாள். நான் ஏதாவது சொல்வதற்குள் அவளுடைய வேன் வந்துவிட்டது.

அந்த வாரமே ஒரு மெத்தை கம்பெனிக்கு மனு எழுதினேன். விற்பனைப் பிரதிநிதி. பகல் வேலை. பேச்சுத்திறன், துடிப்பு, விற்பனை அனுபவம் என்று மூன்று சொற்கள் கேட்டிருந்தார்கள்.

"பேச்சுத்திறன் காலியாயிடுச்சுண்ணே," என்றார் எபநேசர். "துடிப்பு ஒண்ணு இருக்கு. கூட்டிட்டுப் போறீங்களா?"

அது மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்ப்பா. என்கிட்ட இருக்கிறதை மட்டும் எழுதிக்கறேன்."

"உங்ககிட்ட என்ன இருக்கு?"

"தூங்காம இருப்பேன்."

"மெத்தை கம்பெனியில போயி அதைச் சொல்லித் தொலைக்காதீங்க."

சொல்லவில்லை. விற்பனை அனுபவம் என்று மட்டும் எழுதினேன். வாழ்க்கையில் ஒரே ஒரு பொருள் விற்றிருக்கிறேன். மறுநாள் அந்தச் சொல் வந்தது. முழங்கால் உயரம்தான் இருந்தது. தலை வாரிவிட்டேன்.

நேர்முகத்துக்கு வந்த மற்ற மூவரும் எபநேசரின் துடிப்பையே கூட்டி வந்திருந்தார்கள். அது மூன்று நாற்காலிகளுக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பிறகு என்னை அழைத்தார்கள்.

"இவ்வளவுதானா?" என்றார் மேலாளர் திலகவதி, என் சொல்லைப் பார்த்து.

"இவ்வளவுதாங்க."

அவர் சொல்லிடம் குனிந்தார். "என்ன வித்தே?"

"ஒரு இரட்டைக் கட்டில்."

"எதுக்கு வித்தே?"

"வீட்டுல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல படுக்கறதில்ல. அது சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடந்தது."

"வாங்கினவர்கிட்ட என்ன சொன்னே?"

"இதையேதான் சொன்னேன்."

திலகவதி பேனாவை மூடினார். "இது மட்டும் இருக்கட்டும். நீங்க கிளம்பலாம்."

சொல்லுக்குக் கழுத்தில் அட்டை மாட்டினார்கள். அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஒரு முழு டிக்கெட் மட்டும் எடுத்தேன்.

புஷ்பலதா அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். விற்பனை அனுபவம் போய்விட்டதால் நான் எதையும் விற்றிருக்கவில்லை. கட்டில் பழைய இடத்திலேயே கிடந்தது. அதை வாங்கியிருந்த மாசிலாமணி அதில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரும் ஏதோ மில்லில் இரவுக் காவல்.

"கிடைக்கல," என்றேன்.

"மெதுவாப் பேசுங்க. அசந்து தூங்கறாரு."

தரையில் உட்கார்ந்து சாயங்காலம்வரை கிசுகிசுத்தோம். அவள் மேற்பார்வையாளரைப் பற்றிச் சொன்னாள். நான் ஐஸ் உடைக்கும் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். என் குரல் இதுதானா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆறரைக்கு மாசிலாமணி எழுந்தார். முகம் கழுவி, கொடியில் கிடந்த என் காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அளவு சரியாக இருந்தது.

"மில்லுக்குப் பதிலா ஐஸ் கம்பெனிக்குன்னா எந்தப் பஸ்?" என்றார்.

"பதினேழு."

புஷ்பலதா அவரிடம் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்தாள். அவர் போனதும் போர்வையை உதறி விரித்தாள்.

"நீங்க எந்தப் பக்கம்? சுவர்ப் பக்கமா, ஜன்னல் பக்கமா?" என்றாள் சத்தமாக.

எனக்கு நினைவில்லை. மாசிலாமணி காலையில் வந்ததும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.